வாசகர் கேள்வி: "அம்மாவுக்கு விழா வேண்டாமாம்"

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, பிள்ளைகளைத் தனியாகக் கனடாவுக்குக் கொண்டுவந்து வளர்த்த அம்மாக்களைப் பற்றியவை. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மூன்றையும் சேர்த்து வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு, இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 1994இல் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து ரொறன்ரோ வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா வரவில்லை, அவருக்கு வேறு குடும்பம் அமைந்துவிட்டது. அம்மா கிழமை நாட்களில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்களின் குசினியில் பாத்திரம் கழுவினார். இன்று நான் மருந்தகம் ஒன்றில் மருந்தாளர், தம்பி பொறியியலாளர். வரும் ஆவணியில் அம்மாவுக்கு 65 முடிகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் மண்டபம் எடுத்து, 200 பேரைக் கூப்பிட்டு, மேடையில் வைத்து நன்றி சொல்ல நினைத்தோம். யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். "எனக்கு உது வேண்டாம்" என்றவர் இரண்டு நாளாக எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது பாடசாலையில் பெற்றோர் கூட்டம் ஒன்று. அம்மா வேலை உடுப்போடு நேரே வந்துவிட்டார். சிநேகிதிகளுக்கு முன்னால் நான் அவரைத் தெரியாதவள்போல நின்றேன். அதற்கு எப்படியாவது ஈடு செய்யத்தான் இந்த விழா. இனி என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஏஜாக்ஸ்

பதில்: தங்கச்சி, மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் திரும்பி வருமா என்று நாளைக்கே கேளுங்கள். விழாவை விட்டுவிடுங்கள்.

உங்கள் மனது நோகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஏனென்றால் அந்த விழாவை நான் என் அம்மாவுக்கு வைத்திருக்கிறேன். 2016இல், அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு. ஸ்காபரோவில் ஒரு மண்டபம், வட்ட மேசைகள், சாப்பாடு, பழைய படங்களைத் திரையில் ஓடவிட்டது, எல்லாம் இருந்தது. நான் ஒலிவாங்கியைப் பிடித்து இருபது நிமிடம் கதைத்தேன். குளிரில் பஸ்ஸுக்கு நின்ற அம்மா, இரண்டு வேலை செய்த அம்மா, தான் சாப்பிடாமல் எனக்குத் தந்த அம்மா. சனம் அழுதது. நானும் அழுதேன். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "வடிவாத்தான் கதைச்சாய். ஆனா அது என்ர கதை இல்லையடா தம்பி. இஞ்ச வந்த எல்லாத் தாய்மாற்ற கதையும் அதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த இருபது நிமிடத்தில் அம்மா வேலை செய்த ஓர் இடத்தின் பெயரைக்கூட நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு ஏறினார், எங்கே மாறினார், யாரோடு இருந்து சாப்பிட்டார், எவ்வளவு கிடைத்தது, ஒன்றும் தெரியாது. அம்மா கஷ்டப்பட்டார் என்பது தெரியும். அதை யாருடைய அம்மாவைப் பற்றியும் சொல்லலாம்.

உங்கள் அம்மா ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதை அவர்தான் சொல்ல வேண்டும். என் அம்மாவிடம் நான் கேட்கத் தொடங்கியது அந்த விழாவுக்குப் பிறகு வந்த மாரியில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், நானும் பக்கத்தில் இருந்து ஆய்வேன். "கனடாவில உங்கட வாழ்க்கை எப்பிடி இருந்தது?" என்று கேட்டால் "அது பரவாயில்லை" என்று முடித்துவிடுவார். ஒருநாள் "முதல் நாள் வேலைக்கு எந்தப் பாதையால போனீங்கள்?" என்று கேட்டேன். கீரையை வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

நாங்கள் வந்தது 1989இல். எனக்கு ஒன்பது வயது, அம்மாவுக்கு 33. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெல்லஸ்லி–பார்லிமென்ட் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த உயரமான கட்டடங்களை ரொறன்ரோத் தமிழர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் வந்த எத்தனையோ குடும்பங்கள் முதலில் பெட்டியை இறக்கிய இடம் அது. மாமாவின் ஓரறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். பிறகு அதே கட்டடத்தில் வேறு மாடியில் ஓர் அறை எடுத்தோம். அம்மாவுக்குக் கிடைத்த முதல் வேலை, நகர மையத்தில் கிங் வீதிப் பக்கம் ஒரு வங்கிக் கோபுரத்தில் இரவுத் துப்புரவு. பின்னேரம் ஆறு மணி தொடக்கம் இரவு இரண்டு மணி வரை. கடைசிச் சுரங்க ரயில் அதற்கு முன்னமே போய்விடும். பிந்திய இரவுகளில் பார்லிமென்ட் வீதியால் நடந்தே வந்திருக்கிறார். நான் பக்கத்து வீட்டு அன்ரியின் வீட்டில் படுத்திருப்பேன். காலையில் எழும்பி எங்கள் கதவைத் திறந்தால், மேசையில் ஒரு கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடி என் சாப்பாடு இருக்கும். அம்மா நித்திரை. கைகள் இரண்டுக்கும் சொக்ஸ் போட்டிருப்பார். பிளீச் தண்ணீரில் கை வெடித்து, இரவில் நல்லெண்ணெய் பூசி அப்படித்தான் படுப்பார். குளிருக்குத்தான் போடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கட்டளை இருந்தது. அன்ரி வீட்டுக்குப் படுக்கப் போகும்போது எங்கள் குசினி லைற்றை அணைக்கக் கூடாது. அம்மா இருட்டுக்குள் வந்து தடுமாறாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். இருபத்தேழு வருடம் அப்படியே நினைத்திருந்தேன். அந்தக் கீரை ஆய்ந்த ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னார்: கோபுரத்தின் மேல்மாடியில் வடகிழக்குப் பக்கம் ஒரு பெரிய அறை, குப்பைப் பையைக் கட்டி முடித்ததும் அந்தக் கண்ணாடியில் வந்து நிற்பாராம். தூரத்தில் எங்கள் கட்டடங்கள் தெரியும். "அதுக்குள்ள எது எங்கட லைற் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு எங்கடதான். அதைப் பாத்திட்டுத்தான் அடுத்த மாடிக்கு இறங்குவன்."

மண்டபத்தில் 200 பேருக்கு முன்னால் கதைத்த எனக்கு இது தெரியாது, தங்கச்சி.

பிறகு ஒரு நாள் கொப்பி வந்தது. அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் இருந்து எடுத்துத் தந்தார். முன்பக்கத்தால் திறந்தால் என் ஆறாம் வகுப்பு ஆங்கிலச் சொல்லெழுத்து, ஆசிரியரின் சிவப்புக் கோடுகளோடு. பத்துப் பக்கத்தோடு நான் நிறுத்திவிட்டேன். பின்பக்கத்தால் திருப்பிப் பிடித்தால் அம்மாவின் எழுத்து. 1992இலிருந்து 2001 வரை. ஏஜென்சி ஒன்றின் மூலம் தொழிற்சாலைகளுக்குப் போன காலம் அது. விடிய ஐந்து மணிக்கு ஒரு டோனட் கடை வாசலில் வான் வந்து ஏற்றும். எந்தத் தொழிற்சாலை என்பது ஏறிய பிறகுதான் தெரியும். தொடக்கத்தில் ஒரு முறை பதினொரு மணித்தியாலச் சம்பளத்தைத் தராமல், நீ வரவேயில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆங்கிலத்தில் வாதாட அம்மாவுக்குத் தெரியாது. அன்றைக்குத் தொடங்கியதுதான் கொப்பி. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, திகதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், மணி, காசு. அடுத்த முறை கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் விரித்து விரலால் காட்டினாராம். தந்துவிட்டார்கள்.

ஓரங்களில் சின்ன எழுத்தில் வேறு கணக்கு. "சீட்டு 100." "அம்மாவுக்கு 50", அது ஊரில் இருந்த அம்மம்மாவுக்கு உண்டியலில், வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு அனுப்பும் வழியில், போனது. "பல்லு 85", அது என் பல்லு. "சப்பாத்து, ஹொனஸ்ட் எட்ஸ், 12." புளோர் வீதியிலிருந்த அந்த மலிவுக் கடையை 2016 கடைசியில் மூடியபோது அம்மா ஏன் அவ்வளவு கவலைப்பட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. 1999 தை மாதத்தில், நகர மேயர் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்ட அந்த மாதத்தில், ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "பனி. வேலை இல்லை." வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. அந்த மாதம் சீட்டுக்காசு மட்டும் தவறவில்லை. எங்கிருந்து கட்டினார் என்று கேட்டேன். "கட்டினன்" என்றார்.

அந்தக் கொப்பியில் ஓர் எண் என்னை விடவில்லை. 6.85. ஒரு மணித்தியாலத்துக்கு 6 டொலர் 85 சதம். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 1995 தையில் அந்த இடத்துக்கு வந்து, 2004 மாசி வரை, ஒன்பது வருடம், ஒரு சதம்கூட ஏறாமல் நின்றது. வாடகை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, என் பல்கலைக்கழகக் கட்டணம் ஏறியது. கொப்பி முடியும் வரை அம்மாவின் அந்த நிரல் மட்டும் 6.85, 6.85, 6.85 என்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது. எட்டு மணித்தியாலத்துக்கு 54 டொலர் 80. அந்தக் காலத்தில் நான் ஒருநாள் "ஏன் அம்மா நல்ல வேலையா ஒண்டு தேடக்கூடாது?" என்று கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துக்கொண்டிருந்த நான் கேட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

2001இல் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. தொழிற்சங்கம் இருந்த இடம். கொப்பியும் அதோடு நின்றுவிட்டது. தேவைப்படவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்தப் பதினைந்து வயதுக் கதை. அதற்கு ஈடாக மண்டபம் எடுக்காதீர்கள். அது தனியாகச் சொல்ல வேண்டியது. வீட்டில், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, ஒரு வசனத்தில் சொல்லுங்கள்: "அண்டைக்கு ஸ்கூலில உங்களைத் தெரியாத மாதிரி நிண்டனான் அம்மா, அது பிழை." சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். முக்கியமாக, அழுது அவரைக்கொண்டு உங்களைத் தேற்ற வைக்காதீர்கள். அவர் அன்றைக்கே அதைப் பார்த்திருப்பார். தாய்மார் பார்க்காத மாதிரி இருப்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கும் அப்படி ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதில் பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளன். நான் வீட்டுப்பாடம் செய்வதில்லை என்று ஆசிரியர் சொன்னார். "நல்லாச் செய்யிறானாம்" என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தலையாட்டினார், ஆசிரியருக்கு நன்றி சொன்னார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது, "நீ சொன்னதையும் கேட்டன். டீச்சற்ற முகத்தையும் பாத்தன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு நான் அதற்கு மன்னிப்புக் கேட்டபோது, "அண்டைக்கு நான் அவ்வளவு களைச்சுப்போய் இருந்தன், உன்னை ஏச ஏலாம இருந்தது. அதுதான் எனக்குக் கவலை" என்றார். நான் பொய் சொன்னது அவருக்கு நினைவிலேயே இல்லை. ஏசாமல் விட்டதுதான் அவருடைய மனதில் இத்தனை காலம் கிடந்திருக்கிறது. கேட்டிருக்காவிட்டால் இது எனக்கு எப்போது தெரியப்போகிறது?

அடுத்தது, உங்கள் அம்மாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எங்களை வளர்க்க உங்களுக்கு ஆர் ஆர் உதவி செய்தவை?" சனி, ஞாயிறு அவர் மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போனபோது உங்களையும் தம்பியையும் யாரோ பார்த்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டிருக்க மாட்டார். அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

நான் அதைக் கேட்டபோது அம்மா சொன்ன முதல் பெயர் அந்தப் பக்கத்து வீட்டு அன்ரி. இரண்டு வருடம் என்னைத் தன் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்க வைத்தவர். ஒரு சதம் வாங்கவில்லை. பிறகு மொன்றியலுக்கு மாறிப் போய்விட்டார். "அவவை ஒருக்காப் பாக்கவேணும்" என்றார் அம்மா. அவ்வளவு காலத்தில் என்னிடம் அவர் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் அதுதான். மறு சனிக்கிழமையே வெளிக்கிட்டோம். 540 கிலோமீற்றர். முதல்நாள் இரவு இருந்து அம்மா பருத்தித்துறை வடை சுட்டு, ஐஸ்கிறீம் வாளி ஒன்றில் போட்டு மூடி, வழி முழுக்க மடியில் வைத்திருந்தார். பின் இருக்கையில் வைக்கச் சொன்னேன், உடைந்துவிடும் என்றார். அன்ரிக்குக் கால் ஏலாது, கதவைத் திறக்கக் கதிரையைப் பிடித்துப் பிடித்து வந்தார். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. அன்ரி அம்மாவின் கைகளைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "இப்ப வெடிக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

உங்கள் அம்மா யாரைச் சொல்கிறாரோ அவர்களைக் கூப்பிடுங்கள். ஆறு பேராக இருக்கலாம், பத்துப் பேராக இருக்கலாம். வீட்டில் வைத்து நீங்களும் தம்பியும் சமையுங்கள். கேற்றரிங் வேண்டாம். பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். அத்தனை வருடம் ஊராரின் கல்யாணப் பாத்திரம் கழுவியவரை அன்றைக்குக் குசினிப் பக்கம் விடாதீர்கள். அவர் வருவார், நிச்சயம் வருவார். பிடித்து இருத்துங்கள்.

கேள்வி: என் அம்மா இருபது வருடம் அலுவலகங்களைத் துப்புரவு செய்து எங்களைப் படிக்க வைத்தவர். எனக்கு அது பெருமை. ஆனால் மனைவி வீட்டாரிடம் "ஒஃபிஸில வேலை செய்தனான்" என்று மட்டும் சொல்கிறார். நான் உண்மையைச் சொல்லி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று காட்டலாமா?
— ஒரு வாசகர், பிரம்ப்டன்

பதில்: வேண்டாம். அது அம்மாவின் கதை; யாருக்கு எவ்வளவு சொல்வது என்பது அவருடைய உரிமை. உங்கள் பெருமைக்காக அதை எடுத்து மேசையில் வைக்காதீர்கள். அந்த வேலை செய்த காலத்தில் அவரைச் சனம் எப்படிப் பார்த்தது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சம்பந்தி வீட்டில் ஒரு தேத்தண்ணியை நிம்மதியாகக் குடிக்க அவர் விரும்புகிறார். குடிக்கட்டும்.

உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று வேண்டுமானால் அம்மாவிடம் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் பல அம்மாக்கள் தாங்களாகவே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். என் மகளுக்கு ஏழு வயதில் அந்தக் கொப்பியைக் காட்டி எண் கூட்டப் பழக்கியது அம்மாதான். எங்களிடம் சொல்லத் தயங்கியதை அவளிடம் ஒரு நாளில் சொல்லிவிட்டார்.

கேள்வி: அம்மா 1992இல் 32 வயதில் என்னோடு வந்தார். வீடுகளில் சமையல், பிள்ளை பார்ப்பது, கடைகளில் உதவி என்று பெரும்பாலும் கையில் காசு வாங்கிச் செய்த வேலைகள். ஆறேழு வருடம்தான் வரி பிடித்த வேலை. "எனக்குப் பென்ஷன் வராது, நான் கணக்கில இல்லாத ஆள்" என்று சொல்லிக்கொண்டு, 65 வயதிலும் இன்னும் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போகிறார். எவ்வளவு சொல்லியும் நிற்கிறார் இல்லை. என்னிடம் காசு வாங்கவும் மாட்டார். நான் அவருக்கு என்ன செய்யலாம்?
— ஒரு மகன், மார்க்கம்

பதில்: தம்பி, அம்மா கணக்கில் இருக்கிறார். இதை அவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள். நான் பகலில் வேலை செய்யும் குடிவரவாளர் சேவை மையத்துக்கு மாதத்துக்கு இரண்டு பேராவது இதே வசனத்தோடு வருகிறார்கள், ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வரும். அவர்கள்மேல் இல்லை, இத்தனை வருடத்தில் அவர்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டதில்.

முதியோர் ஓய்வூதியம் என்று நாங்கள் சொல்வது வேலையைப் பார்த்துத் தருவது அல்ல. கனடாவில் எத்தனை வருடம் வாழ்ந்தீர்கள் என்பதைப் பார்த்துத் தருவது. வயது 65, 18 வயதுக்குப் பிறகு கனடாவில் குறைந்தது 10 வருடம், சட்டபூர்வ வதிவிடம். 40 வருடம் வாழ்ந்தவருக்கு முழுத்தொகை. குறைந்தால் ஒரு வருடத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு. உங்கள் அம்மா 33 வருடம் என்றால் நாற்பதில் 33 பங்கு. ஒரு நாள்கூட வேலை செய்யாதவருக்கும் இது உண்டு.

அதற்கு மேலே, வருமானம் குறைந்தவர்களுக்கு மாதாமாதம் ஒரு துணைத்தொகை இருக்கிறது. கையில் காசு வாங்கி உழைத்த அம்மாக்களுக்கு உண்மையில் கைகொடுப்பது இதுதான். அது வருமான வரிப் பத்திரத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஆகவே வருமானம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் சித்திரை 30க்கு முன் வரிப் பத்திரம் போட வேண்டும். பல இடங்களில் பங்குனி, சித்திரையில் இலவச வரி முகாம் நடக்கும், கூட்டிக்கொண்டு போங்கள். ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் இந்தத் துணைத்தொகை நின்றுவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள். பயணச்சீட்டு எடுத்த பிறகு இதை அறிந்து கலங்கியவர்கள் உண்டு.

வரி பிடித்த அந்த ஆறேழு வருடத்துக்குக் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு தொகை வரும். சிறியதாக இருக்கும், ஆனால் அவருடையது. உங்களுக்கு ஏழு வயது ஆகும் வரை உங்களைப் பார்த்துக்கொண்டதால் அவருடைய உழைப்புக் குறைந்திருந்தால், அந்தக் காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்லிக் கேட்கலாம். விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. தானாக நடக்காது, கேட்டால்தான் பார்ப்பார்கள்.

நாள் கடத்தாதீர்கள். பிந்தி விண்ணப்பித்தால் பின்னோக்கிப் பதினொரு மாதத்துக்குத்தான் தருவார்கள், அதற்கு முந்தியது போனதுதான். சிலருக்கு 64 வயது முடிந்த அடுத்த மாதமே அரசாங்கம் தானாகக் கடிதம் அனுப்பும்: உங்களைப் பதிந்துவிட்டோம் என்றோ, விண்ணப்பியுங்கள் என்றோ. உங்கள் அம்மாவுக்கும் வந்திருக்கலாம்.

அரசாங்கக் கடிதத்தைத் திறக்கப் பயப்படுவது எங்கள் அம்மாக்களிடம் உள்ள ஒன்று. அகதி வழக்கு நடந்த காலத்தில் அந்த மண்ணிற உறைக்குள் என்ன வந்தது என்பது அவர்களுக்கு மறக்காது. கையில் காசு வாங்கி உழைத்தவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூட. என் அம்மா அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்தில், றப்பர் நாடா போட்டு வைத்திருந்தார். 2021இல் வேலையிலிருந்து நின்றபோது இரண்டு பேரும் தரையில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். முப்பத்தொரு கடிதம். பெரும்பாலானவை காலம் கடந்தவை, ஒன்றுகூடக் கெட்ட செய்தி இல்லை. ஒவ்வொன்றையும் நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, அம்மா அதைத் திரும்ப மடித்து உறைக்குள்ளேயே வைத்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போங்கள். வேலையை விடுங்கள் என்று தொடங்காதீர்கள். "அம்மா, அந்தக் கடிதங்களை எங்க வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேளுங்கள். வந்த திகதி, லாண்டட் ஆன (நிரந்தர வதிவிடம் கிடைத்த) திகதி, கடவுச்சீட்டுகள், வேலை செய்த இடங்களின் ஒரு பட்டியல், இவ்வளவும் வேண்டும். பட்டியலை அவரைக்கொண்டு சொல்லவைத்து நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் பெரிய கொப்பியாகக் கொண்டுபோங்கள்.